வில்லைக் கணக்கு

துரை ஓடிப்போய் ஒரு வருஷம் கழித்து
பங்களாவின் வெந்நீர்க் கொதிகலனைப் பெயர்த்து
கோலக்கெட்டில் கடைத்தெரு வழியே
மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள்.
செம்பு.
அவன் குளித்த சூடு இன்னும் இருக்கிறதா என்று
ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள்.
ஷேக் உதுமான் ராவுத்தர்
இரண்டு மூட்டை நொய் கொடுத்து அதை வாங்கினார்.
"எதற்கு முதலாளி?"
"சில்லறைக்கு."

சில்லறை அப்போது ஊரில் இல்லை.
ராஜா தலை போட்ட காசெல்லாம்
அடுப்படி மண்ணுக்குள் போய்விட்டது.
வெளியே திரிந்தது ஜப்பான்காரனின் வாழைமர நோட்டு.
மழைபட்டால் சாயம் போகும்.
காலையில் ஒரு முட்டை, மாலையில் அரை முட்டை.
பத்து வெள்ளியை நீட்டி
ஒரு சுண்டு உப்பு கேட்பவளுக்கு
மீதியை எதில் கொடுப்பது?

நான் கடைக் கணக்கப்பிள்ளை.
தகரக் கத்தரியால் எட்டு நாள் வெட்டினோம்.
உளியால் ஒரே ஓர் எழுத்து: உ.
"என் பேரின் முதலெழுத்து" என்றார் ராவுத்தர்.
பிள்ளையார் சுழி என்று
லயத்துப் பெண்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.
யாரும் யாரையும் திருத்தவில்லை.
எனக்கோ அது
பழைய கணக்கில் இரண்டு.

அறுநூற்றுப் பன்னிரண்டு வில்லை.
ஒன்றுக்கு ஒரு கட்டி மரவள்ளி.

ஒரே மாதத்தில் அது கடையைத் தாண்டிப் போனது.
சாராயக்கடைத் தவுக்கே வாங்கினான்.
ஆறு கடத்திவிடும் தாலிப் வாங்கினார்.
பவுனை விற்றுத் தின்றுவிட்ட ஒருத்தி
மஞ்சள் கயிற்றில் அதையே கோத்திருந்தாள்.

வைகாசியில் பெட்டிக்குள்
தடித்த வில்லைகள் வரத் தொடங்கின.
உ-வின் வால் கொஞ்சம் குட்டை.
தராசில் வைத்தேன், நம்முடையதைவிடக் கனம்.
புகைவீட்டு பிட்டர் அப்பலசாமி,
நின்றுபோன எஞ்சினின் செம்புக் குழாயைத்
தட்டித் தட்டி விரித்திருக்கிறான்.
ராவுத்தர் சிரித்தார்:
"நல்ல காசைவிடக் கள்ளக் காசு கனமா இருக்கே!
ஆறு பிள்ளை அவனுக்கு.
வாங்கிப் போடு. தனியா எழுது."
எழுதினேன், சிவப்பு மையில்.
நாற்பத்தொன்றோடு நின்றது.

நின்றதற்குக் காரணம் ஆடி மாதம்.
இலவச சினிமா என்று கொட்டகையில் கூட்டி
கதவைச் சாத்தினார்கள்.
பின்பக்கம் லாரி.
சயாமுக்கு, தண்டவாளம் போட.
வேட்டி மடிப்பில் வில்லை முடிந்திருந்தவன்
முடிந்தபடியே ஏறினான்.
அங்கே எவன் அதற்குக் கிழங்கு தருவான்?

சண்டை முடிந்தது.
வாழைமர நோட்டு செல்லாது என்றது
திரும்பி வந்த சர்க்கார்.
பிள்ளைகள் பட்டம் ஒட்டினார்கள்.
ராவுத்தர் மட்டும் பலகையில் எழுதி மாட்டினார்:
'உ செல்லும். மாதக் கடைசி வரை.'

வந்தார்கள். கொடுத்தோம்.
கடைசி ராத்திரி எண்ணினேன்.
அறுநூற்றுப் பன்னிரண்டு.
மறுபடியும் எண்ணினேன்.
"வெட்டினது அத்தனையும் வந்துடுச்சே" என்றார்.
நான் பேரேட்டின் சிவப்புப் பக்கத்தை
அவர் பக்கமாகத் திருப்பினேன்.

இருபது வருஷம் கணக்கு எழுதியவன் நான்.
சரியாக வந்த கணக்கைப் பார்த்து
அன்றுதான் கை நடுங்கியது.
விளக்கை அவர்தான் அணைத்தார்.

மறுநாள் பலகையைக் கழற்றும்போது
அப்பலசாமியின் பெண்டாட்டி நரசம்மா வந்தாள்.
ஒற்றை வில்லை. தடித்தது.
சுழி மட்டும் இருந்தது. வால் இல்லை.
"அரைகுறை வேலை. பட்டறையில் கிடந்தது.
செல்லுமா?"

ராவுத்தர் கிழங்குக் கூடையைத் தாண்டிப் போய்
அரிசிச் சாக்கை அவிழ்த்தார்.
சுண்டு எடுக்கவில்லை. கையால் அள்ளினார்.
நான் இரண்டு மைப்புட்டியையும் திறந்துவைத்துக்கொண்டு
அவர் முகத்தையே பார்த்திருந்தேன்.
எதில் எழுத என்று
அவர் சொல்லவில்லை.